நயாகராவில் இரண்டு இரவு, நல்ல விலைக்கு

அம்மாவுக்கு எதையும் முழு விலை கொடுத்து வாங்கிப் பழக்கமில்லை. கிழமைதோறும் வாசலில் வந்து விழும் மலிவு விற்பனைத் தாள்களைத் தேவாரம் படிப்பதுபோல வரி தவறாமல் படிப்பார். அப்படிப்பட்டவர், எனக்குப் பதினொரு வயதான அந்த மார்ச் மாதத்தில், பள்ளி விடுமுறைக்கு நயாகராவுக்குக் கூட்டிப்போவதாக வாய் தவறிச் சொல்லிவிட்டார். சொன்ன நாளிலிருந்து ஹோட்டல் விலை தேடுவது எங்கள் வீட்டு வேலைகளில் ஒன்றாயிற்று.

நயாகரா கசினோக்கள் உள்ள ஊர். அங்கே அறைகளின் விலையும் சூதாட்டம்போலத்தான் ஏறி இறங்கும். செவ்வாய்க்கிழமை கேட்டால் ஒரு விலை, சனிக்கிழமை கேட்டால் தலை சுற்றும். போன் எடுத்துக் கேட்பது என் பொறுப்பு. கனடாவில் பிறந்த குரல் கேட்டால் குறைத்துச் சொல்வார்கள் என்பது அம்மாவின் நம்பிக்கை. அம்மா பக்கத்தில் நின்று, இன்னும் குறைக்கச் சொல் என்று கண்ணால் சொல்வார். ஒருவரும் குறைக்கவில்லை.

பிறகு ஒருநாள், நாங்கள் விசாரித்த இடங்களில் ஒன்றிலிருந்து அவர்களாகவே எடுத்தார்கள். இரண்டு இரவு, காலைச் சாப்பாடு, கசினோவில் விளையாட இலவசக் கூப்பன், எல்லாம் சேர்த்து எங்கள் ஒரு கிழமை மரக்கறிச் செலவைவிடக் குறைவு. நிபந்தனை ஒன்றுதான். ஒரே விலாசத்தில் வசிக்கும் கணவனும் மனைவியும் சேர்ந்து வரவேண்டும். வந்து, அவர்களுடைய விற்பனைக் கூட்டம் ஒன்றில் ஒன்றரை மணித்தியாலம் இருக்கவேண்டும். நான் மொழிபெயர்த்து முடித்ததும் அம்மா அடுப்பை அணைத்தார்.

“கொப்பாவைக் கேட்டுப்பார். நல்ல விலை,” என்றார்.

அப்பா எங்களோடு இருக்கவில்லை. நாங்கள் ரொறன்ரோவில், மோர்னிங்சைட்டில், பதினான்காம் மாடியில் இருந்தோம். அவர் நகரத்தின் மறு அந்தத்தில், ரெக்ஸ்டேலில், தெரிந்த ஒருவர் வீட்டின் பின்பக்க அறையில் இருந்தார். அவருக்கு வேலை அந்தப் பக்கம் என்று சொந்தக்காரர்களுக்குச் சொல்லியிருந்தது. கலியாணவீடு, சாமத்தியவீடு என்றால் மண்டபத்துக் கார் தரிப்பிடத்தில் இருவரும் சந்திப்பார்கள். சேர்ந்து உள்ளே போய், இரண்டு பெயரும் எழுதிய ஒரே என்வலப்பைக் கொடுத்து, பக்கத்தில் பக்கத்தில் இருந்து சாப்பிட்டு, படத்துக்கும் நின்றுவிட்டுத் திரும்பவும் கார் தரிப்பிடத்தில் பிரிவார்கள். அதனால் எனக்கு ஊரார் கலியாணங்கள் மிகவும் பிடிக்கும்.

ஏன் பிரிந்தார்கள் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. சண்டையாக இருக்கும் என்று நானே முடிவுசெய்துகொண்டேன். சண்டை என்றால் சமாதானமும் உண்டுதானே. இரண்டு இரவு ஒரே அறையில் இருந்துவிட்டால் அப்பா எங்களோடு வந்துவிடுவார் என்று நம்பினேன். அந்தப் பயணத்தில் நீர்வீழ்ச்சி எனக்கு ஒரு பொருட்டாகவே இருக்கவில்லை.

அப்பாவுக்குப் போன் எடுத்தேன். விலையைச் சொன்னேன், நிபந்தனையையும் சொன்னேன்.

“அம்மா என்ன சொல்லுறா?” என்று கேட்டார்.

“நல்ல விலையாம்.”

“அப்ப வாறன்.”

அம்மாவின் காரை அப்பா ஓட்டினார். புட்டும் சம்பலும் கட்டிக்கொண்டு போனோம். வழியில் வாங்கிச் சாப்பிட்டால் மிச்சம்பிடித்த காசு போய்விடும். வரவேற்பு மேசையில் இருந்த பெண் இருவருடைய லைசென்ஸையும் வாங்கி விலாசம் பார்த்தார். அப்பா தன் லைசென்ஸில் இன்னும் மோர்னிங்சைட் விலாசத்தையே வைத்திருந்தார். பதினோராம் மாடியில் அறை கிடைத்தது. இரண்டு பெரிய கட்டில்கள், தூரத்தில் நீர்வீழ்ச்சியின் ஒரு துண்டு. அப்பா அம்மாவிடம், “உமக்கு எந்தக் கட்டில் வசதி?” என்று ஒரு விருந்தாளியைக் கேட்பதுபோலக் கேட்டார். அன்று மூன்று பேரும் புட்டைப் பகிர்ந்து சாப்பிட்டுத் தொலைக்காட்சி பார்த்தோம். என் வாழ்க்கையில் அதுவரை அதைவிட நல்ல நாள் ஒன்று இருந்ததில்லை.

விடிய எழும்பிப் பார்த்தபோது அப்பாவின் கட்டில் விரித்தபடியே இருந்தது. ஒருவரும் படுக்கவில்லை. அம்மாவிடம் கேட்டேன். “அவர் கீழ இருக்கிறார்,” என்று மட்டும் சொன்னார். கீழே போனேன். தானாகத் திறந்து மூடும் கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்தில், குளிர் வந்து அடிக்கும் இடமாகப் பார்த்து, அப்பா ஜாக்கெட்டோடு ஒரு கதிரையில் இருந்தார். கண்கள் சிவந்திருந்தன. கசினோவில் இரவைக் கழித்தவர்கள் அதே கண்களோடு அவரைக் கடந்து போய்க்கொண்டிருந்தார்கள். என் வகுப்பில் ஒருத்தியின் தகப்பன் வீட்டையே கசினோவில் விட்டவர். எங்கள் வீட்டுச் சண்டைக்கும் இதுதான் காரணம் என்று அந்த இடத்தில் எனக்கு ‘விளங்கிவிட்டது’. அறைக்குத் திரும்பியபோது இலவசக் கூப்பன் உறை உடைக்காமல் மேசையில் கிடந்தது. அதைப் பார்த்தும் என் மண்டையில் ஒன்றும் ஏறவில்லை.

கூட்டம் பத்து மணிக்கு. பளபளக்கும் சப்பாத்துப் போட்ட ஓர் இளைஞர் எங்களை ஒரு வட்ட மேசையில் இருத்தினார். அம்மாவும் அப்பாவும் கதிரைகளை நெருக்கிப் போட்டுக்கொண்டார்கள். கலியாணவீடுகளில் எடுத்த பயிற்சி வீண்போகவில்லை. உங்களைப் போன்ற அந்நியோன்னியமான தம்பதியரைப் பார்ப்பது அரிது என்று அந்த இளைஞரே சொன்னார். அவர் விற்றது இதுதான்: அந்தக் கட்டிடத்தில் ஓர் அறை, வருடத்தில் ஒரு கிழமை, ஏழு நாள், எங்கள் காலம் முழுவதும் எங்களுக்கு. கையெழுத்து வைத்து மாதாமாதம் கட்டினால் போதும்.

அவர் சொல்வதை ஒரு சொல்லும் விடாமல் அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். கையெழுத்து விழுந்துவிட்டால் வருடாவருடம் ஒரு கிழமை அப்பா எங்களோடு இருந்தே ஆகவேண்டும். காசு கட்டிய பொருளை அம்மா ஒருநாளும் வீணாகப் போகவிடமாட்டார்.

அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “உந்த அறையளில யன்னல் முழுக்கத் திறக்குமோ எண்டு கேள்,” என்றார்.

கேட்டேன். இளைஞர் சிரித்தார். திறக்காது, உயரமான கட்டிடம், பாதுகாப்புக்காக அப்படி வைத்திருக்கிறோம் என்றார்.

“அப்ப வேண்டாம் எண்டு சொல்லு.”

அவர் உள்ளே போய் மேலதிகாரியிடம் கேட்டுவந்து விலையைக் குறைத்தார். அம்மாவின் பதில் மாறவில்லை. இன்னொரு முறை போய்வந்து, இன்னும் குறைத்தார். அம்மாவின் வழக்கமான பேரம்தான், கடைசியில் சம்மதிப்பார் என்று நான் பொறுத்திருந்தேன். அப்போது அப்பா பேனையைக் கையில் எடுத்தார்.

“வருசத்தில ஒரு கிழமைதானே. நான் சமாளிப்பன்,” என்றார்.

அம்மா அவரைப் பார்த்தார். பேனையை அவருடைய கையிலிருந்து மெதுவாக வாங்கி மேசையில் வைத்தார். “நீங்கள் சமாளிச்சது போதும்,” என்றார். எழும்பிவிட்டார்.

பல வருடம் கழித்து, விட்பியில் நான் வாங்கப்போகும் வீட்டைப் பார்க்கப் போன நாளில், அம்மாதான் இதைச் சொன்னார். நான் பிறப்பதற்கு முன், ஊரில் யுத்தம் நடந்த காலத்தில், அப்பாவைப் பிடித்துக்கொண்டுபோய் அடைத்து வைத்திருந்த அறைக்கு யன்னல் இல்லை. உயிரோடு வெளியே வந்தார். ஆனால் அடைத்த அறையில் இருட்டியதும் அவருக்கு மூச்சு முட்டும். எங்கள் பதினான்காம் மாடியில் யன்னல்கள், பிள்ளைகள் விழாமல் இருக்க, நான்கு விரல் அகலத்துக்கு மேல் திறக்காது. அப்பா இரவுகளைக் கீழே காருக்குள் கழித்துவிட்டு வேலைக்குப் போயிருக்கிறார். தரையோடு ஒரு வீடு எடுக்க அப்போது எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. ரெக்ஸ்டேல் அறைக்கு நேரே வளவுக்குத் திறக்கும் ஒரு கதவு இருந்தது, வாடகையும் சொற்பம். பிள்ளை சண்டை என்று நினைத்தாலும் பரவாயில்லை, அந்த அறையைப் பற்றி மட்டும் அவளுக்குச் சொல்லவேண்டாம் என்று அப்பா கேட்டுக்கொண்டாராம்.

பதினொரு வயதில் இவை எதுவும் எனக்குத் தெரியாது. ஒரு யன்னலுக்காக அம்மா எல்லாவற்றையும் கெடுத்துவிட்டார் என்று மட்டும் தெரிந்தது. நயாகராவுக்குப் போனால் யார் யன்னலைத் திறந்து பார்க்கப் போகிறார்கள். இரண்டாவது இரவு தங்காமலே, மத்தியானம் புறப்பட்டுவிட்டோம். காசு கொடுத்த இரவை அம்மா விட்டுவிட்டுப் போனது அதுவே முதல் தடவை.

ஹைவேயில் ஏறியதும் அப்பா தன் பக்கத்துக் கண்ணாடியை முழுவதும் இறக்கினார். மார்ச் மாதக் காற்று காரை நிறைத்தது. “குளிருது, பூட்டுங்கோ,” என்று நான் பின்னாலிருந்து கத்தினேன். அப்பாவின் கை பொத்தானுக்குப் போயிற்று. அம்மா அந்தக் கையைத் தொட்டு, “இருக்கட்டும், விடுங்கோ,” என்றார். பிறகு பின்னால் திரும்பி, என் ஜாக்கெட்டின் சிப்பைத் தாடைவரை இழுத்துவிட வந்தார். நான் அவருடைய கையைத் தட்டிவிட்டேன். ரொறன்ரோ வரும்வரை அவரோடு ஒரு சொல்லும் பேசவில்லை. அப்பாவை எங்களோடு வந்து இருக்கவிடாமல் வைத்திருப்பது அம்மாதான் என்பதில் எனக்கு அன்று துளி சந்தேகமும் இருக்கவில்லை.