சோப்பு படாத சீசன்

வெர்னா ட்வெட் ஒரு பழைய வெண்ணெய்க் கத்தியால் ஷூக்களின் அடியில் அப்பியிருந்த சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். ஐம்பத்தெட்டுப் பையன்கள், நூற்றுப் பதினாறு ஷூக்கள். அந்த நாட்களில் சுத்தம் செய்ய அவளுக்கு அனுமதி இருந்தது இவற்றை மட்டும்தான். கணுக்காலுக்கு மேலே எதிலும் தண்ணீர் படக் கூடாது என்பது கோச் க்ரூகரின் கட்டளை.

அயோவாவின் சோளக்காடுகளுக்கு நடுவே இருந்த அந்தச் சின்னக் கல்லூரியின் அமெரிக்கன் ஃபுட்பால் அணிக்கு ஒன்பது வருஷமாகத் துணி துவைப்பவள் வெர்னா. அதற்கு முன் பதினான்கு வருஷம் முதியோர் இல்லத்தில் ஆயா வேலை. படுக்கைப் புண்ணை வாசற்படியில் நின்றே மோப்பத்தில் சொல்லிவிடுவாள். புருஷன் ராய் செத்தது ஒரு வியாழக்கிழமை. சனிக்கிழமை ஆட்டம் இருந்ததால் அடக்கத்தைத் திங்களுக்குத் தள்ளிவைத்தவளும் அவள்தான். இல்லாவிட்டால் பெட்டி தூக்க ஆள் வந்திருக்காது என்பது அவளுக்குத் தெரியும். அப்படிப்பட்ட ஊர்.

அந்த சீசனில் முதல் மூன்று ஆட்டமும் தோல்வி. நாலாவது வாரம் துவைக்கும் இயந்திரம் பழுதாகிவிட்டது. பையன்கள் போன வார அழுக்கோடு ஆடி ஜெயித்தார்கள். திங்கட்கிழமையே இயந்திரம் சரியாகிவிட்டாலும் கோச் விடவில்லை. தோற்கிற வரைக்கும் துவைக்கக் கூடாதென்று சொல்லிவிட்டார். அடுத்த நாலு ஆட்டத்திலும் வெற்றி. ஒரு எதிரணியின் முக்கியமான ஆட்டக்காரன் கால் முறிந்து வெளியே உட்கார்ந்திருந்ததையும், இன்னொரு அணியில் பாதிப்பேர் வயிற்றுப்போக்கோடு வந்திறங்கியதையும் யாரும் கணக்கில் சேர்க்கவில்லை. எல்லாப் புகழும் நாற்றத்துக்கே போய்ச் சேர்ந்தது.

திங்கள் மதியம் கோல்பி ரைனர்ட் வந்தான். முன்வரிசையில் நின்று முட்டி மோதுகிற பையன், நூற்று முப்பது கிலோ, இது அவனுக்குக் கடைசி வருஷம். கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு நின்றான்.

"கையைத் தூக்குடா."

"ஒண்ணுமில்ல மிஸ் வெர்னா. கொசு."

"நவம்பர்ல கொசுவா? தூக்குடாங்கறேன்."

முழங்கைக்குக் கீழே எலுமிச்சம்பழ அளவுக்குக் கட்டி, சிவந்து, பளபளவென்று நின்றது. வெர்னா கத்தியைக் கீழே வைத்துவிட்டுத் தன் காரிலேயே அவனை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். டாக்டர் கீறிவிட்டு, மாத்திரை எழுதிக்கொடுத்துச் சொன்னார்: "காஞ்சு, மூடி இருந்தா சனிக்கிழமை ஆடலாம். ஆனா மறுபடியும் அந்த அழுக்கு உரசினா இந்தக் கிருமி ரத்தத்துல ஏறிடும். அப்புறம் ஆட்டமில்ல, கையைக் காப்பாத்துறதே பெரும்பாடு."

வெர்னா நேரே கோச்சின் அறைக்குப் போனாள்.

"கோச், துணியெல்லாம் வெந்நீர்ல போடணும். இன்னும் ரெண்டு பசங்க கழுத்துல சிவப்பு தெரியுது."

"வெர்னா, சனிக்கிழமை ஜெயிச்சா பத்தொன்பது வருஷத்துக்கு அப்புறம் நமக்குக் கோப்பை. இப்பப் போய் சோப்பைப் பத்திப் பேசுறீங்களே?"

"கோல்பியோடத மட்டுமாவது?"

"ஒருத்தன் சுத்தமா வந்து நின்னாப் போச்சு. வந்த அதிர்ஷ்டம் அத்தோட அறுந்துடும்."

"அவன் கை அறுந்தா?"

"டாக்டர் ஆடலாம்னுதானே சொன்னாரு? துணியில கை வெச்சீங்கன்னா வேற வேலை தேடிக்கோங்க. சொல்லிட்டேன்."

வெர்னா தலையாட்டிவிட்டு வந்தாள். முதியோர் இல்லத்தில் மாத்திரை வேண்டாம் என்று அடம்பிடிக்கிற பெரியவர்களிடமும் அவள் வாதாடியதில்லை. ஆப்பிள் கூழில் பொடித்துக் கலந்துவிடுவாள்.

வியாழக்கிழமை மாலை சர்ச்சில் அணிக்கு விருந்து. மிளகாய் பீன்ஸ் குழம்பும் இலவங்கப்பட்டை பன்னும் இருந்தால் கோச்சும் பையன்களும் மூன்று மணி நேரத்துக்கு எழுந்திருக்க மாட்டார்கள். வெர்னா கதவைத் தாழிட்டு ஐம்பத்தெட்டு ஜெர்சிகளையும் கொதிக்கிற தண்ணீரில் ப்ளீச் போட்டுத் துவைத்தெடுத்தாள். தோள் கவசங்களைக் கிருமிநாசினியால் துடைத்தாள். பிறகுதான் உண்மையான வேலை. ஆறிய காப்பியில் நனைத்துப் பழுப்பேற்றினாள். மைதானத்துச் சேற்றை மார்பிலும் முதுகிலும் பூசினாள், கைப்பக்கம் ஒரு பொட்டுகூட வைக்கவில்லை. வெங்காயச் சாற்றையும் வினிகரையும் கலந்து அக்குளில் தெளித்தாள். துவைப்பதைவிட அழுக்காக்குவது இரண்டு மடங்கு வேலை என்று அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை கோச் வந்து ஒரு ஜெர்சியை எடுத்து முகத்தில் புதைத்தார். வெர்னா ஷூவைச் சுரண்டிக்கொண்டே இருந்தாள்.

"வாசம் கொஞ்சம் மாறின மாதிரி இருக்கே?"

"முத்தியிருக்கு கோச்."

"ஆமா." அவர் இன்னொரு தரம் இழுத்துப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. வெங்காயம் கொஞ்சம் கூடுதல்தான். "ஜெயிக்கிற வாசம், வெர்னா."

சனிக்கிழமை ஜெயித்தார்கள், கடைசி நிமிஷத்தில், மூன்று புள்ளி வித்தியாசத்தில். கோல்பி கட்டுப்போட்ட கையோடு நாலு பேரைச் சாய்த்தான். ஊர்ப் பத்திரிகைக்காரனிடம் கோச் ஜெர்சியைத் தூக்கிக்காட்டி, "ஆறு வாரமா ஒரு சொட்டு சோப்பு படல" என்றார். பழைய மாணவர் சங்கத் தலைவர் அதை வாங்கி முத்தமிட்டார். அடுத்த வாரம் நாடு தழுவிய பெரிய சுற்றின் முதல் ஆட்டம். பொறாமைக்காரன் எவனாவது புகுந்து துவைத்துவிடக் கூடாதே என்று கோச் அன்றைக்கே துணியறைக்குப் புதுப் பூட்டு வாங்கிப் போட்டார். ஒரே ஒரு சாவி. அதை வெர்னாவின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார்.

"உங்களைத் தவிர யாரையும் நம்ப முடியாது."

மறுநாள் காலை ஆறு மணிக்கு கோல்பி துணியறை வாசலில் நின்றான். அவள் கட்டைப் பிரித்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, அழுத்தினாள். காய்ந்திருந்தது. சிவப்பு இறங்கியிருந்தது. புதுக் கட்டுப் போட்டுவிட்டாள்.

"மிஸ் வெர்னா, நேத்து என் ஜெர்சில வெங்காய வாசம் வந்துச்சு."

"உன் அம்மாகிட்ட சாப்பாட்டுல வெங்காயத்தைக் குறைக்கச் சொல்லு. போய்த் தூங்குடா."

அவன் போனதும் உள்ளே வந்து, புதுப் பூட்டால் கதவை உள்பக்கமாகப் பூட்டினாள். இரண்டு இயந்திரங்களிலும் வெந்நீரைத் திறந்துவிட்டாள். காப்பி போட்டு ஆற வைத்தாள். பிறகு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து வெங்காயம் உரிக்க ஆரம்பித்தாள், இந்தத் தடவை இரண்டு குறைவாக.