பெல்ஜியத்தில் அப்பா புரட்டிய துணி

எங்கள் தெருவில் அதுவரை கடல் தாண்டிப் போனவர்கள் ஒருவரும் கிடையாது. திருப்பதி போய் மொட்டையோடு வந்தவர்கள் நிறையப் பேர் உண்டு. பம்பாய் வரை போய்ப் புடவை விற்றுவிட்டு வந்தவர்கள் இரண்டு பேர். அந்தத் தெருவிலிருந்து அப்பா, அம்மா, நான், தம்பி என்று நாலு பேரும் ஒரு கோடையில் ஐரோப்பாவைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தோம் என்றால், இன்றைக்கும் கேட்பவர்கள் என்னை ஏற இறங்கப் பார்க்கிறார்கள். எழுபதுகளில், காஞ்சிபுரத்துத் தறிக்காரர் குடும்பம், ஐரோப்பாவா என்று. நம்பாவிட்டால் போகட்டும். அன்றைக்கு நான் போட்டிருந்த கம்பளிச் சட்டை இன்னும் என் பீரோவில் இருக்கிறது.

எல்லாவற்றுக்கும் காரணம் அம்மாவின் பிடிவாதம். ஜெர்மனியில் ஒரு கைவினைக் கண்காட்சி நடத்தினார்கள். அங்கே தறியில் உட்கார்ந்து பட்டுப்புடவை நெய்து காட்ட அப்பாவைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அப்பா நெய்வது கோர்வைப் புடவை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டும் சேரும் இடத்தில் இழையோடு இழையைக் கோத்துக்கொண்டே போகவேண்டும். ஒருவரால் ஆகாது. அப்பாவுக்கு வலதுகைப் பக்கம் உட்கார்ந்து அந்தப் பக்கத்துக் கரைக்கு இழை ஓட்டும் நாடாவை எறிவது எப்போதும் அம்மாதான். துணைக்கு வேறு ஆளை அனுப்புகிறோம் என்றார் வந்த அதிகாரி. "என் கையும் அவ கையும் சேந்தாதான் சார் கரை நிக்கும்" என்றார் அப்பா. அம்மாவோ, சொர்க்கத்துக்கே கூப்பிட்டாலும் பிள்ளைகளை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று உள்ளே போய்விட்டாள்.

கடிதங்கள் போயின, வந்தன. கடைசியில் கண்காட்சியை நடத்திய ஜெர்மன்கார அம்மாள், பிள்ளைகளும் வரட்டும், செலவு எங்களுடையது என்று எழுதிவிட்டாள். அவளை நான் இரண்டே முறைதான் பார்த்தேன். பெயர்கூட என் வாயில் நுழையவில்லை. ஆனாலும் இன்றுவரை சாமி விளக்கேற்றும்போது அவளுக்கும் ஒரு கும்பிடு போட்டுவிடுகிறேன்.

எங்கள் தறி குழித்தறி. நெய்கிறவர் காலைத் தரையில் வெட்டிய குழிக்குள் விட்டுக்கொண்டு உட்காரவேண்டும். அங்கே கண்காட்சி மண்டபத்தின் தரை கண்ணாடியாக மின்னியது. அதில் யார் குழி வெட்ட விடுவார்கள்? ஆளுயரத்துக்கு ஒரு மரமேடை கட்டி, மேடையில் குழி விட்டார்கள். அம்மா தினமும் ஏணி வைத்து ஏறித்தான் வேலைக்குப் போனாள். "தேர்மேல ஏறி உக்காந்துக்கினு இருக்கிற மாதிரி இருக்குதுடி" என்று என்னிடம் சொல்லிச் சிரிப்பாள். ஒரு மாதம் அந்தத் தேரில் இருந்து ஒரு முழுப் புடவையை இறக்கினார்கள்.

எனக்கும் ஒரு வேலை கொடுத்திருந்தார் அப்பா. நான் கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளியில் ஆறாம் வகுப்பு. இங்கிலீஷில் முதல் மார்க். "பேச்சுக்கு இன்னா கவலை? எங்க பாப்பா இருக்குது" என்று மெட்ராஸ் விமான நிலையத்திலேயே முன்பின் தெரியாதவர்களிடம் சொல்ல ஆரம்பித்துவிட்டார். வகுப்பில் பாட்டை ஒப்பிப்பது வேறு, வெள்ளைக்காரர் முகத்தைப் பார்த்துப் பேசுவது வேறு என்பது எனக்கு ஜெர்மனியில் இறங்கிய அன்றே தெரிந்துபோனது. யெஸ், நோ, தேங்க் யூ என்ற மூன்றை வைத்துக்கொண்டே ஒரு மாதத்தை ஓட்டினேன்.

கண்காட்சி முடிந்ததும் எங்களைப் பன்னிரண்டு நாள் பஸ் சுற்றுலாவில் அனுப்பிவைத்தார்கள். மலையைப் பார்த்தோம், பனியைத் தொட்டோம். தம்பி பனியை வாயில் போட்டுவிட்டுச் சர்க்கரை இல்லை என்று அழுதான். ஸ்விட்சர்லாந்தில் ஒரு ஏரிக்கரையில் இறக்கி, இதைவிட அழகான நீர் உலகத்தில் இல்லை என்பதுபோல் வழிகாட்டி கையை விரித்தபோது, அப்பா கொஞ்சநேரம் யோசித்துவிட்டு, "நம்ம தாமல் ஏரி நெறஞ்சா இதைவிட அகலம்" என்றார். நல்லவேளை, அதை மொழிபெயர்க்கச் சொல்லவில்லை.

அப்பாவிடம் ஒரு பழக்கம் இருந்தது. எந்தத் துணியைக் கண்டாலும் புரட்டிப் பின்பக்கம் பார்ப்பார். நல்ல கோர்வையில் முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் வித்தியாசம் தெரியக்கூடாது. அதனால் நெய்கிறவர்கள் துணியின் முகத்தைப் பார்த்து எதையும் நம்பமாட்டார்கள். ஊரில் கல்யாண வீட்டில் சம்பந்தியம்மாளின் முந்தானையைப் புரட்டிப் பார்த்து வாங்கிக் கட்டிக்கொண்டவர் அவர். ஐரோப்பாவிலா சும்மா இருப்பார்? ஓட்டல் ஜன்னல் திரை, மேசை விரிப்பு, பஸ் இருக்கை உறை ஒன்றையும் விடவில்லை. ஒருநாள் காலை வணக்கம் சொன்ன வழிகாட்டியின் கழுத்து டையைப் பிடித்தே புரட்டிவிட்டார். பஸ் முழுக்கச் சிரித்தது. எனக்குக் காது சுட்டது.

காது சுட்டதற்கு வேறொரு காரணமும் இருந்தது. அதே பஸ்ஸில் லண்டனில் குடியேறிய வடநாட்டு டாக்டர் ஒருவரின் குடும்பமும் வந்தது. அவர்கள் பெண்ணுக்கு என் வயது. சிவப்பு ஷூ, வெள்ளைக் காலுறை, வாயைத் திறந்தால் தண்ணீர் மாதிரி இங்கிலீஷ். இந்தப் பக்கம் எங்களைப் பாருங்கள். பட்டுப்புடவைக்கு மேல் இரண்டு ஸ்வெட்டர் போட்டு, தலையில் துண்டைச் சுற்றிய அம்மா. பழக்கமில்லாத பேன்ட் நழுவிவிடுமோ என்று ஒரு கையால் பிடித்துக்கொண்டே நடக்கும் அப்பா. இரண்டாம் நாளே நான் அந்தப் பெண்ணின் பக்கத்து இருக்கைக்கு மாறிவிட்டேன். யாரும் தடுக்கவில்லை. அம்மா மட்டும் அவ்வப்போது இட்லிப்பொடி தடவிய ரொட்டியைப் பின்னாலிருந்து நீட்டுவாள். நான் பார்க்காததுபோல் இருப்பேன்.

பெல்ஜியத்தில் ஒரு பழைய அரண்மனைக்குக் கூட்டிப்போனார்கள். கூடத்துச் சுவர் முழுக்க ஒரே படம். குதிரைகள், வேட்டை நாய்கள், பெரிய காடு. எல்லோரும் அண்ணாந்து பார்த்துவிட்டு நகர்ந்தார்கள். அப்பா நகரவில்லை.

"இது வரஞ்சது இல்ல. நெய்ஞ்சது" என்றார் அம்மாவிடம். கொஞ்சம் பொறுத்து, "மரத்தையெல்லாம் ஏன் நீலமா நெய்ஞ்சிருக்கான்?" என்றார்.

உண்மைதான். அந்தக் காட்டில் ஓர் இலைகூடப் பச்சை இல்லை. இத்தனை நுணுக்கமாக நாயின் மீசைவரை நெய்தவனுக்கு இலையின் நிறம் தெரியாமலா போகும்? அந்தக் கேள்விக்கு விடை எங்கே இருக்கும் என்று அப்பாவுக்குத் தெரியும். குறுக்கே கட்டியிருந்த கயிற்றுக்கு அடியில் குனிந்து புகுந்து, துணியின் கீழ்மூலையைத் தூக்கிப் புரட்டினார். பின்னால் கித்தான் மாதிரி ஒன்றை வைத்துத் தைத்திருந்தது. அதன் ஓரத்தை விரலால் நெம்பிக்கொண்டிருந்தபோதுதான் விசில் கேட்டது.

காவலாளி ஓடிவந்து அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்தான். இன்னொருவன் சட்டைப்பையைத் தடவினான். பையிலிருந்து குட்டிக் கத்தரிக்கோல் ஒன்று வந்தது. இழை அறுந்தால் நறுக்கி முடிபோட நெசவாளிகள் எல்லோரும் வைத்திருப்பதுதான். அப்பாவின் பையில் அது இல்லாத நாளே கிடையாது. ஆனால் அரண்மனைக் காவலாளிக்கு அது எப்படித் தெரியும்? துணியை அறுத்துத் திருட வந்த ஆள் என்று முடிவுகட்டிவிட்டான். போலீஸ் என்ற சொல் எந்த மொழியிலும் புரியும்படிதான் இருக்கிறது. கூட்டம் சேர்ந்தது. தம்பி அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டு அலறினான்.

அப்பா கூட்டத்தில் என்னைத் தேடினார்.

"பாப்பா, இங்க வாம்மா. நாங்க நெய்யறவங்க, பின்னாடி பாக்கத்தான் தூக்கினேன்னு சொல்லும்மா."

நான்கே சொற்கள் போதும். எனக்குத் தெரிந்த சொற்கள்தான். ஆனால் நான் நின்றது டாக்டர் குடும்பத்தோடு, சிவப்பு ஷூவுக்குப் பக்கத்தில். எல்லாத் தலையும் எங்கள் பக்கம் திரும்பியது. அப்பா யாரைக் கூப்பிடுகிறார் என்று தேடிய காவலாளி என்னைப் பார்த்தான். பிறகு என்னைச் சுட்டிக்காட்டி, டாக்டரின் மனைவியிடம், "யுவர்ஸ்?" என்று கேட்டான்.

அவள் வாயைத் திறப்பதற்குள் நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்று.

அவள் என்னைக் குனிந்து பார்த்தாள். அப்பா அதன்பிறகு என்னைக் கூப்பிடவில்லை.

பேசத் தெரியாத அம்மாதான் பேசினாள். தம்பியை உதறிவிட்டு முன்னால் போய், ஸ்வெட்டருக்குள்ளிருந்து தன் முந்தானையை இழுத்துக் காவலாளியின் முகத்துக்கு நேராக விரித்தாள். பிறகு அதைப் புரட்டினாள். மறுபடி முன்பக்கம், மறுபடி பின்பக்கம். அப்பாவின் விரல்களைக் காட்டினாள், தன் விரல்களைக் காட்டினாள். நாடா எறிவதுபோல் காற்றில் கையை வீசினாள். நான் அவமானத்தில் சுவரோடு ஒட்டிக்கொண்டேன்.

காவலாளிக்கு என்ன புரிந்ததோ, உள்ளேயிருந்து யாரையோ அழைத்துவரச் சொன்னான். வந்தவள் நரைத்த தலையும் வெள்ளைக் கோட்டுமாக இருந்தாள். கோட்டின் காலரில் வரிசையாக ஊசிகள். அவள் அப்பாவைப் பார்க்கவே இல்லை. நேராக அம்மாவின் முந்தானையை வாங்கிப் புரட்டினாள். கரை சேரும் இடத்தைத் தேடிப்பிடித்து நகத்தால் நீவினாள். அதே மாதிரி எங்கள் தெருவில் எத்தனையோ பேர் நீவிப் பார்த்திருக்கிறேன். பிறகு காவலாளியின் கையிலிருந்த கத்தரிக்கோலை வாங்கி அப்பாவிடம் கொடுத்துவிட்டு, தன் கோட்டுப் பையிலிருந்து அதே அளவில் ஒன்றை எடுத்துக் காட்டினாள்.

அப்பா சிரித்துவிட்டார். அம்மாவுக்கு அழுகை வந்துவிட்டது.

அந்த அம்மாள் மூன்று பேரையும் உள்ளே வரச்சொல்லிக் கூட்டிப்போனாள். கதவு சாத்திக்கொண்டது. என்னை விட்டுவிட்டுப் போய்விட்டார்களே என்று எனக்குக் கோபம் வந்தது. அந்த நியாயத்தை என்னவென்று சொல்வது? அடுத்த நிமிஷமே கதவு திறந்து அப்பா திரும்பி வந்தார். பேன்ட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு டாக்டர் குடும்பத்தின் முன்னால் வந்து நின்றார். பிடித்திருந்த கையையும் எடுத்துவிட்டு, டாக்டரின் மனைவியைப் பார்த்துக் கும்பிட்டார்.

"எங்க பாப்பாவ இம்மா நேரம் பாத்துக்கினீங்க. ரொம்ப நன்றிமா." என் பக்கம் திரும்பி, "சொல்லும்மா, இங்கிலீஷ்ல சொல்லு" என்றார்.

நான் சொன்னேன். தேங்க் யூ ஃபார் லுக்கிங் ஆஃப்டர் மீ. அந்த அரண்மனையில் நான் பேசிய இங்கிலீஷ் அவ்வளவுதான். டாக்டரின் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஏன் துடைத்துக்கொள்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை.

உள்ளே நீளமான மேசைமேல் இன்னொரு பெரிய துணியைக் குப்புறப் போட்டு, பின்னால் தைத்திருந்த கித்தானைப் பிரித்துவைத்திருந்தார்கள். இழை விட்டுப்போன இடங்களை ஊசியால் சரிசெய்வதுதான் அந்த அம்மாளின் வேலை. அந்தத் துணியிலும் காடு இருந்தது. மரங்கள் அத்தனையும் பச்சை. இன்றைக்குச் சாயம் போட்டுக் காயவைத்த மாதிரிப் பச்சை. அவள் ஜன்னல் வெளிச்சத்தைக் காட்டினாள், துணியின் முன்பக்கத்தைக் காட்டினாள், ஏதோ தின்பதுபோல் வாயை அசைத்தாள்.

"வெயிலு மஞ்சளத் தின்னுட்டுது. அதான் நீலம் மட்டும் நின்னுக்கினு இருக்குது" என்றார் அப்பா. அவருக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. "தொட்டுப் பாரு பாப்பா. இத பாக்காம போயிட்டியின்னா என்ன ஆவறது, அதான் ஓடியாந்தேன்."

அந்த அம்மாள் ஒரு விரல் மட்டும் என்று சைகை செய்ய, நான் தொட்டேன். எந்த ராஜா காலத்துப் பச்சையோ, என் விரலுக்கடியில் இருந்தது. பஸ் எங்களுக்காக இருபது நிமிஷம் காத்திருந்தது. வழிகாட்டி திட்டினான். அப்பா பணிவாகக் கேட்டுக்கொண்டே அவன் டையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஊருக்கு வந்தபிறகு இந்தக் கதையை அப்பா எத்தனை முறை சொன்னார் என்று கணக்கில்லை. நெசவாளர் சங்கத்தில் சொல்வார், தெருவில் பாவு நூலை நீட்டிக் கட்டும்போது சொல்வார், முசரவாக்கத்திலிருந்து வந்த சொந்தக்காரர்களுக்குச் சாப்பாட்டுக்கு நடுவில் சொல்வார். எல்லாம் நடந்தது நடந்தபடியே வரும், விசில், கத்தரிக்கோல், அம்மாவின் முந்தானை உட்பட. ஓர் இடம் மட்டும் மாறும். "அத்தினி பேருக்கு நடுவுல எங்க பாப்பா ஒரு வரி இங்கிலீஷ் பேசுச்சு பாருங்க, அந்த வெள்ளக்காரங்களே வாயடச்சுப் போயிட்டாங்கபா." அம்மா பக்கத்தில் இருந்தால், ஆமாம் என்பாள்.

கேட்டவர்கள் என் கன்னத்தைக் கிள்ளினார்கள். பள்ளியில் கன்னியாஸ்திரீகள் என்னை மேடையேற்றினார்கள். அந்தச் சந்தடியில் அப்பா எதையோ மாற்றிப் புரிந்துகொண்டிருக்கிறார் என்று நினைத்து நிம்மதியாக இருந்தேன். சில வருஷங்களில் நானே அந்தக் கதையை அப்படியே சொல்லவும் தொடங்கிவிட்டேன். அந்த ஒரு வரியை நம்பித்தான் பிற்பாடு கல்லூரியில் ஆங்கிலமே எடுத்துப் படித்தேன், அதையே நாற்பது வருஷம் சொல்லிக்கொடுத்துச் சாப்பிட்டேன். அப்பாவுக்கு நான் பட்ட கடன்களில் இதுதான் பெரியது. அவர் இருந்தவரை அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அன்றைக்கு அப்பா என்னிடமிருந்து பத்தடி தூரத்தில், காவலாளியின் பிடியில், என்னையே பார்த்துக்கொண்டு நின்றிருந்தார். அவருக்குத்தான் இங்கிலீஷ் தெரியாதே, காவலாளி கேட்டது எங்கே புரிந்திருக்கப்போகிறது என்று நான் தைரியமாக இருந்தேன். நான் பதிலாகச் சொன்னது வெறும் தலையாட்டல் என்பதும், அதைப் புரிந்துகொள்ள எந்த மொழியும் வேண்டியதில்லை என்பதும் அந்த வயதில் எனக்குத் தோன்றவே இல்லை.