ஒரே பையில் நெஃபலினும் குவார்ட்ஸும்

1. முப்பத்தேழாம் நம்பர்

முப்பத்தேழாம் நம்பர் பையில் வந்த கல்லின் பொடி, ஆசிட் விட்டதும் கஞ்சி மாதிரி இறுகியது. கழுவிவிட்டுப் பச்சைச் சாயம் போட்டேன். பிடித்தது. நெஃபலின். அதுவரைக்கும் சந்தோஷம்தான். சாயம் பிடிக்காத மணிகளைப் பொறுக்கி எண்ணெயில் போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். அவற்றில் பாதிக்கு மேல் குவார்ட்ஸ்.

இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். சிலிக்கா பற்றாத பாறைக்குழம்பில்தான் நெஃபலின் பிறக்கும். சிலிக்கா மிஞ்சினால்தான் குவார்ட்ஸ். பற்றாக்குறையும் மிச்சமும் ஒரே வீட்டில் குடியிருக்க முடியாது. இரண்டும் ஒரே பையில் வந்தால், யாரோ இரண்டு இடத்துக் கல்லைக் கலந்துவிட்டார்கள் என்றுதான் எவனும் நினைப்பான். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அப்போது ஆந்திரா தனி ராஜ்யமாகிச் சில வருஷம். சித்தூரில் ஒரு ஆபீஸில் நான் ஜூனியர் கெமிஸ்ட். மிஷன் தெருவில் பிறந்தவன். வீட்டில் தமிழ், ஆபீஸில் தெலுங்கு. என் மேலதிகாரி சுப்பாராவ் ஜியாலஜிஸ்ட். புத்தூருக்கும் பிச்சாட்டூருக்கும் நடுவே, பழைய கிரானைட்டைப் பிளந்துகொண்டு வந்த ஒரு கருஞ்சாம்பல் கரட்டைக் கண்டுபிடித்தவர் அவர். வடக்கே கடலோரத்தில், நெஃபலின் இருக்கும் இந்த அல்கலைன் குடும்பத்துப் பாறை உண்டு. இதுவும் அதன் உறவா, எங்கிருந்து எப்படி மேலே வந்தது என்று எழுதி, பெரிய இடத்துக்கு அனுப்ப இருந்தார்.

ரிசல்ட்டைச் சொன்னதும் அவர் என்னைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்தார்.

"ஏமய்யா, மூட்டை கட்டினது யாரு?"

"முனிரத்தினம் சார்."

"அதான பார்த்தேன்."

2. பெயிண்ட் நம்பர்

அவர் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. கல் எடுத்த இடத்தில் வெள்ளைப் பெயிண்டால் நம்பர் போடுவது எங்கள் வழக்கம். போட்ட நம்பரெல்லாம் இரண்டொரு நாளில் சுரண்டப்பட்டுக் கிடந்தது. திருத்தணி எந்தப் பக்கம், சத்தியவேடு எந்தப் பக்கம் என்று டீக்கடையெல்லாம் எல்லைப் பேச்சாக இருந்த காலம். நிலம் அளக்கும் செயினும் கொடியுமாக வருகிறவன் யாராக இருந்தாலும், ஊரைக் கூறுபோட வந்தவன் என்றே ஜனங்கள் பார்த்தார்கள். நான் தமிழ் பேசினால் மெட்ராஸ் ஆள் என்று தெலுங்குக்காரர்கள் ஒதுங்கினார்கள். தெலுங்கு ஆபீஸில் சம்பளம் வாங்குகிறவன் என்று தமிழர்கள் ஒதுங்கினார்கள். தண்ணீர் கேட்டால்கூடக் கொஞ்சம் யோசித்துத்தான் கொடுப்பார்கள்.

முனிரத்தினம் அந்தக் கரட்டடியில் நிலம் வைத்திருந்தவர். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். எங்களுக்குக் கல் உடைத்துத் தரவும் பை கட்டித் தூக்கவும் கூலிக்கு வந்தார்.

ராவ் அவரை ஆபீஸுக்கு வரவழைத்தார்.

"யார் சொல்லிக் கல்லை மாத்தினே? மெட்ராஸ்காரங்களா?"

"நான் ஏன் சார் மாத்தணும்? நீங்க காட்டின எடத்துல ஒடச்சேன், பையில போட்டு கட்னேன். தலமேல வச்சிக்கினு வந்து ஜீப்புல ஏத்தினேன். அவ்ளோதான்."

"நம்பரைச் சுரண்டினது யாரு?"

அவர் வாயே திறக்கவில்லை. அந்த மௌனம்தான் அவரைக் கெடுத்தது. வேலைக்கு வர வேண்டாம் என்று அனுப்பிவிட்டு, போலீஸில் சொல்லப்போவதாக ராவ் என்னிடம் சொன்னார்.

"கொஞ்சம் பொறுங்க சார். நான் ஊர்ல ஒரு தடவை விசாரிச்சுட்டு வரேன்."

"நீயும் தமிழன்தானே? அவனுக்குப் பரிஞ்சு பேசறியா?"

முனிரத்தினத்தை நான் முழுசாக நம்பினேன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இப்போது சந்தேகம் என் மேலேயும் ஏறிவிட்டது.

3. அலமேலு

மறுநாள் பஸ் பிடித்துப் போனேன். முனிரத்தினம் வீட்டில் இல்லை. அவர் மனைவி அலமேலு கிணற்று மேட்டில் வேர்க்கடலை ஆய்ந்துகொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து நின்றாள்.

"இன்னா, போலீஸோட வரலியா?"

"இல்லம்மா. நம்பரைச் சுரண்டினது யாருன்னு தெரிஞ்சா போதும்."

"நான்தான் சொரண்டினேன். இன்னா இப்போ? நம்பர் போட்ட கல்லு வரைக்கும் மெட்ராஸு, அதுக்கு அப்பால ஆந்திரான்னு சொல்லிக்கினாங்க. கேணி ஒரு ராஜ்யம், நெலம் ஒரு ராஜ்யமா பூட்டா, நான் யாரைக் கேட்டுத் தண்ணி எறைக்கிறது? அவருக்குத் தெரியும். என்னைக் காட்டிக் குடுக்காம வாய மூடிக்கினு வந்துட்டாரு."

"கல்லையும் மாத்தினீங்களா?"

அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "கல்ல எடுத்து வச்சிக்கினு துன்னவா போறேன்? எனக்கு வேண்டாதது உங்க பெயிண்ட்டு. கல்லு எங்கூட்டு வாசல்லயே கெடக்குது."

பஸ்ஸில் திரும்பும்போது அந்தப் பேச்சையே நினைத்துக்கொண்டு வந்தேன். பெயிண்டைச் சுரண்டினேன் என்று தைரியமாகச் சொல்கிறவள், கல்லை மட்டும் ஏன் மறைக்க வேண்டும்? அவள் பொய் சொல்கிறாளா என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருந்தது. எந்த சாம்பிளிலும் பாதியைப் பொடியாக்காமல் வைப்போம். கிரானைட் துண்டை யாராவது பைக்குள் போட்டிருந்தால், ஒரு துண்டில் குவார்ட்ஸ் இருக்கும், இன்னொன்றில் நெஃபலின் இருக்கும். ஒரே துண்டுக்குள் இரண்டும் இருக்காது.

4. பச்சை விளிம்பு

கல்லை அறுத்து ஸ்லைடாக்கும் மெஷின் எங்களிடம் இல்லை. திருப்பதியில் ஒரு காலேஜில் இருந்தது. ராவிடம் காரணம் சொல்லாமல் லீவு போட்டு, முப்பத்தேழாம் நம்பரில் மிச்சம் இருந்ததிலேயே பெரிய துண்டை எடுத்துக்கொண்டு போனேன். அங்கே வேலை பார்த்த சிநேகிதர் ஒருவர் அறுத்து, தேய்த்து, கண்ணாடியில் ஒட்டிக் கொடுத்தார்.

மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தவன் கொஞ்ச நேரம் எடுக்கவே இல்லை. பக்கமெல்லாம் நெஃபலின். நடுவில் ஓரம் கரைந்துபோன ஒரு குவார்ட்ஸ் மணி. அதைச் சுற்றிப் பைராக்ஸீன் என்ற கனிமத்தின் பச்சை ஊசிகள், ஒன்றோடொன்று நெருக்கி, ஒரு விளிம்பு. குவார்ட்ஸ் எங்கேயும் நெஃபலினைத் தொடவில்லை.

பாறைக்குழம்பு ஆழத்திலிருந்து ஏறி வரும்போது பழைய கிரானைட்டைப் பிய்த்து விழுங்கியிருக்கிறது. விழுங்கிய குவார்ட்ஸைக் கரைத்து முடிப்பதற்குள் ஆறிவிட்டது. கரைந்த இடத்தில் பச்சை விளிம்பு வளர்ந்தது. கல்லைக் கலந்தது மனுஷன் இல்லை. அந்த விளிம்பை எவனாலும் கையால் வைக்க முடியாது.

ராவ் ஸ்லைடை வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்தக் கரடு எப்படி மேலே வந்தது என்று அவர் தேடிக்கொண்டிருந்த விடையில் பாதி அதில் இருந்தது.

"அவனை வேலைக்கு வரச் சொல்லு" என்றார்.

போய்ச் சொன்னேன். முனிரத்தினம் மடை திருப்பிக்கொண்டிருந்தார். மண்வெட்டியைக் கீழே வைக்கவில்லை.

"கல்லு சொன்னா நம்புவீங்க. மனுசன் சொன்னா நம்பமாட்டீங்க. கல்ல மாத்தின திருடன்னு ஊரெல்லாம் பேசியாச்சி சார். இல்லன்னு உங்க சாரே வந்து இங்க சொல்லட்டும்."

இதை ராவிடம் எப்படிச் சொல்வது என்று பயந்தேன். சொன்னேன். அவர் ஜீப் சாவியை எடுத்தார். கிணற்று மேட்டில் பத்திருபது பேர் கூடினார்கள். ராவ் தெலுங்கில் தொடங்கினார், பாதியில் தமிழுக்கு மாறினார். "இவர் மேல தப்பு இல்லை. தப்பா நெனச்சது நான்" என்று எல்லார் காதிலும் விழுகிற மாதிரி சொன்னார். அலமேலு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பிறகு எல்லைத் தீர்ப்பு வந்தது. கரடும் கிணறும் நிலமும் சேர்ந்தே ஆந்திராவில் நின்றன.

இந்த வேலையில் ரிசல்ட் முரண்பட்டால் ஆளைத் தேடி ஓடாதீர்கள். முதலில் கல்லை அறுத்துப் பாருங்கள். ஆளைச் சந்தேகப்படுவது சுலபம். அந்தச் சந்தேகத்தைத் திருப்பி எடுக்க நம் கையில் எந்த ஆசிட்டும் இல்லை. முனிரத்தினம் வேலைக்குத் திரும்பி வந்தார், சீசன் முடியும்வரை இருந்தார். ஆனால் அதற்குப் பிறகு ஒரு பையைக்கூட அவர் தனியாகக் கட்டவில்லை. "சார், வந்து பாத்துக்கோங்க" என்று எங்களில் ஒருவரைக் கூப்பிட்டு, நாங்கள் பக்கத்தில் வந்து நின்ற பிறகுதான் முடிச்சுப் போடுவார்.