உச்சிமாகாளி அண்ணாச்சியின் மூச்சு மாத்திரை

டோல்கேட் சிக்னலைத் தாண்டி, இடது பக்கச் சந்தில் உச்சிமாகாளியின் மாவு மில். முப்பத்தோரு வருஷமாக அங்கே மிளகாய் அரைபடுகிறது, கூடவே மனிதர்களும். மிளகாயையாவது காம்பு கிள்ளித்தான் போடுவார். மனிதர்களைக் காம்போடு அரைப்பார்.

திருநெல்வேலிப் பக்கத்துக்காரர் என்பதால் சந்துக்கே அவர் அண்ணாச்சி. யாராவது சரியாகக் காயாத மிளகாயைக் கொண்டுவந்துவிட்டால் போதும், ஒரே மூச்சில் கொட்டுவார். "ஈர மிளகாயக் கொண்டாந்து எம் மிசினு வாயில அப்பிட்டுப் போவலாம்னு பாக்கியளோ, வெயிலு என்ன ஒங்க தெருவுல ரேசன்லயா குடுக்கான்?" நடுவில் நிறுத்தவே மாட்டார். திட்டு வாங்காதவர்கள் அதைக் கேட்பதற்காகவே கொஞ்சம் நின்று போவார்கள்.

அந்த மூச்சுதான் போனது. நெஞ்சுக்குள் குழாய்கள் சுருங்கிவிட்டன, பழையபடி ஆகாது, மோசமாகாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார் டாக்டர். மூட்டை தூக்க முடியாதது அவரைப் பெரிதாக வருத்தவில்லை. ரயில்வே பாலத்துப் படியில் மூன்று இடத்தில் நின்றதைக்கூடப் பொறுத்துக்கொண்டார். ஆனால் ஒரு நாள் "எம் மிசினு வாயில" என்பதோடு மூச்சு நின்றுபோய், பாதித் திட்டு வாங்கியவன் சிரித்துக்கொண்டே போனான். அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை. முழுத் திட்டு திரும்ப வந்தாக வேண்டும், அவருக்கு அவ்வளவுதான் வேண்டுதல்.

அண்ணாச்சிக்கு இளைப்பு என்று தெரிந்ததும் டோல்கேட்டில் ஆளாளுக்கு வைத்தியர் ஆனார்கள். ஒருவன் வெந்நீரில் கற்பூரத்தைப் போட்டுப் போர்வைக்குள் தலையை விடச் சொன்னான். இன்னொருவன் ஊமத்தை இலையைச் சுருட்டிப் பற்றவைத்து இழுத்தால் மூன்றே நாள் என்றான். தன் மாமனாரே அப்படித்தான் இழுத்தார் என்றான். அவர் இப்போது எங்கே என்று கேட்டதற்கு, காலமாகிவிட்டார் என்றான் கூச்சமே இல்லாமல். எண்ணூரில் வெல்டிங் வேலை பார்த்து ஓய்ந்த சுப்புராயன் மட்டும் வாரம் தவறாமல் வருவார்.

"மஞ்சா கொம்பை வெளக்குல சுட்டு, அந்தப் பொகையை மூக்கால இஸ்த்துக்கோ அண்ணாச்சி. நாப்பத்தெட்டு நாளு. நெஞ்சு கிளீனாய்டும்." இதைச் சொல்லி முடிப்பதற்குள் நாலு தடவை இருமினார்.

"ஒமக்கு எத்தனாவது நாளு வே?" என்றார் அண்ணாச்சி. "மூக்கு வழியாப் போன தூசிதான் என்னய இந்தக் கெதிக்கு ஆக்கிச்சு. மருந்தும் அதே வழியாப் போவணுமாக்கும்? மருந்துன்னா வயித்துக்குப் போவணும். மத்ததெல்லாம் கோட்டிக்காரப் பயலுவ பாக்க சோலி."

இந்தச் சட்டத்தில் பக்கத்துத் தெரு ஜீனத்தும் மாட்டிக்கொண்டாள். கல்யாணச் சமையலில் விறகடுப்பு முன்னால் நின்றே நெஞ்சைக் கெடுத்துக்கொண்டவள். மில்லில் மிளகாய் நெடி ஏறினால் வாசலுக்குப் போய், பையிலிருந்து நீலநிறப் பிளாஸ்டிக் குழாய் ஒன்றை எடுத்து வாயில் வைப்பாள். கிர்ரென்று ஒரு சத்தம் வரும்.

"இந்தா, பீப்பி ஊத ஆரம்பிச்சிட்டா."

"ஊதல அண்ணாச்சி, இஸ்த்துகினு கீறேன்."

அதுவும் அவர் கணக்கில் சுப்புராயனின் மஞ்சள் புகையோடு சேர்ந்தது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அவருக்குத்தான் ஆஸ்பத்திரி மாத்திரை இருக்கிறதே. மருந்து கொடுக்கும் ஜன்னலில் அந்தப் பெண், "காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு போட்டு இழுங்க" என்று ஒப்பித்தாள். "போட்டு" என்றபோதே அண்ணாச்சி திரும்பி நடந்துவிட்டார். மாத்திரை போடத் தெரியாதா அவருக்கு? கூடக் கொடுத்த வெள்ளைக் குழாயைப் பார்த்து, மருந்துக் கம்பெனிக்காரன் பகட்டு என்று நினைத்தார். அதை இரண்டாகக் கழற்றி, மிசின் பேரிங்குக்கு எண்ணெய் விடும் புனலாக்கிக்கொண்டார். காலையும் இரவும், சாப்பிட்டபின், மோரோடு ஒரு மாத்திரை. எட்டு மாதத்தில் ஒரு வேளை தவறவில்லை. மூச்சு மட்டும் மாதத்துக்கு மாதம் குறைந்தது.

மனைவி ராமசெல்வி பயந்துபோனாள். பயந்தவளுக்குச் சுப்புராயன் தெய்வமாகத் தெரிந்தார். ஒரு மத்தியானம் அண்ணாச்சி நாற்காலியில் கண்ணயர்ந்திருக்க, புகைகிற மஞ்சள் கொம்பை மூக்கடியில் பிடித்துவிட்டாள். அவர் இருமிய இருமலில் உதடு நீலம் பாய்ந்தது. மிளகாய் அரைக்க வந்திருந்த ஜீனத்துதான் ஆட்டோ பிடித்தாள்.

ஆஸ்பத்திரியில் முகத்தில் மாஸ்க்கை மாட்டி, ஒரு மணி நேரத்தில் மூச்சைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். மூச்சு வந்ததும் பெண்டாட்டியைத்தான் முதலில் பிடித்தார். "பொகையப் போட்டு... என்னயக் கொல்லப் பாத்தியேட்டி."

நர்ஸ் குறுக்கே வந்தாள். "மருந்து ஒழுங்கா எடுக்குறீங்களா?"

"ஒரு வேளை தப்புனதில்ல."

"எப்படி எடுக்குறீங்க? செஞ்சு காட்டுங்க."

இதில் காட்ட என்ன இருக்கிறது என்ற முகத்தோடு சட்டைப்பையிலிருந்த மாத்திரையை வாயில் போட்டு, தண்ணீர் வாங்கிக் குடித்தார். நர்ஸ் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"ஐயா, இது முழுங்குற மாத்திரை இல்ல. குழாய்க்குள்ள போட்டுத் திருகி, உள்ள இருக்குற பவுடரை வாயால இழுக்கணும். வயித்துக்குப் போனா பிரயோஜனமே இல்ல. குழாய் குடுத்தாங்களே, எங்க?"

"அதுலதான மிசினுக்கு எண்ண விடுதிய" என்றாள் ராமசெல்வி.

ஜீனத் சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் மறுபடி சிரிப்பாகி, கடைசியில் பையைத் துழாவித் தன் நீலக் குழாயை எடுத்துக் கிர்ரென்று இழுத்தாள். "பீப்பி, அண்ணாச்சி, பீப்பி!"

அண்ணாச்சிக்கு உடம்பெல்லாம் கூசியது. ஊமத்தைக்காரனுக்கும் சுப்புராயனுக்கும் இத்தனை நாள் கொடுத்த பட்டமெல்லாம் இப்போது அவருக்கே பொருந்தியது. சொல்லப்போனால் அவர்களை விட மோசம். அவர்கள் கையில் நல்ல மருந்து இருந்ததில்லை. எட்டு மாதத்தில் போனது முழுக்கத் திரும்பாது, இனிமேல் போகாமல் பார்க்கலாம் என்று டாக்டர் சொன்னபோது, அவர் முதல் தடவையாக யாரையும் வையாமல் தலையாட்டினார்.

ஒரு மாதம் ஒழுங்காக இழுத்தார். பாலத்துப் படியில் மூச்சு வாங்க நிற்கும் இடம் மூன்றிலிருந்து இரண்டானது. மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு மில்லைத் திறந்தார். முதல் ஆளாக வந்த ஜீனத் ஒரு பை மிளகாயைக் கொட்டினாள். கிள்ளிப் பார்த்தார். ஈரம். மழையே இல்லாத மாதத்தில் ஈர மிளகாய். வேண்டுமென்றே கொண்டுவந்திருக்கிறாள்.

துணியை இறக்கினார். வரிசையில் நின்றவர்கள் கேட்பதற்குக் கிட்டே வந்தார்கள்.

"ஈர மிளகாயக் கொண்டாந்து எம் மிசினு வாயில அப்பிட்டுப்..."

அங்கே நின்றுபோனது. நெஞ்சு மட்டும் ஏறி இறங்கியது. யாரும் சிரிக்கவில்லை.

"போவலாம்னு பாக்கியளோ," என்றாள் ஜீனத், அவர் குரலிலேயே, "வெயிலு என்ன ஒங்க தெருவுல ரேசன்லயா குடுக்கான்?"

ஒரு சொல் தப்பவில்லை. வருஷக்கணக்காக வாங்கியவள் அல்லவா. அண்ணாச்சி துணியை ஏற்றிக் கட்டிக்கொண்டு, மிளகாயை வெயிலில் பரப்பினார்.