கீழே இறங்கிய வகையறா

பெரம்பலூரை விட்டு அரியலூர் சாலையில் நடந்துகொண்டிருந்தேன். பையில் இரண்டு சட்டையும் ஒரு போர்வையும். கம்ப்யூட்டர் கடையில் வேலை, அங்கேயே படுக்கை. ஒன்று போனால் இரண்டும் போகும் என்று தெரிந்துதான் சேர்ந்திருந்தேன். எதனால் போனது என்பதுதான் விளங்கவில்லை.

பக்கத்து ஊர் அம்மன் கோயில் குடமுழுக்கு அழைப்பிதழை வேர்டில் அடித்துக் கொடுத்திருந்தேன். அச்சில் நன்றாகவே வந்தது. நான்கு பங்காளி வகையறா, ஆளுக்கொரு வரியில் பெயர். கோயிலில் பரிவட்டம் கட்டி மரியாதை செய்வதும் அந்த வரிசையில்தான். வெளியூர்ப் பங்காளிகள் போனில் பார்க்க வேண்டும், இணையத்திலும் போடுங்கள் என்றார்கள். அந்த வேர்ட் கோப்பை அப்படியே இணையப் பக்கமாக மாற்றினேன். என்டர் தட்டிய இடமெல்லாம் பெரிய இடைவெளி விழுந்தது.

முதல் வகையறாப் பெரியவர் போன் செய்தார். "என்ன தம்பி, எங்களுக்குள்ள பாகம் பிரிச்ச மாதிரி காட்டுறீங்க?"

என்டரை எல்லாம் எடுத்தேன். நான்கு வகையறாவும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. இரண்டாம் வகையறாக்காரர் கூப்பிட்டார். "எவன் வரியில எவன்யா வந்து உக்காந்துருக்கான்?"

ஷிப்ட்டை அழுத்திக்கொண்டு என்டர் தட்டினால் இடைவெளி விழாது, வரி மட்டும் இறங்கும் என்றார் முதலாளி. தட்டினேன். கடைத் திரையில் சரி. முதலாளி போனிலும் சரி. ஆனால் பெரியவர் நேரில் வந்து தன் போனை நீட்டினார். 'கிழக்குத் தெரு பெரிய வீட்டு' என்பது மேலே இருந்தது. 'வகையறா' தனியாகக் கீழே கிடந்தது.

"எங்களை மட்டும் ரெண்டா வெட்டிட்டீங்களே!"

"என் போன்ல ஒழுங்காத்தாங்க இருக்கு," என்றார் முதலாளி.

"அப்ப உங்க போனையே ஊர் பூரா அனுப்புங்க."

முதலாளி என்னைப் பார்த்தார். "இப்பவே சரி பண்ணு. இல்லன்னா சாவிய வச்சுட்டுப் போ."

ஒன்பதாவதோடு படிப்பை விட்டவன் நான். எனக்குத் தோன்றியது ஒன்றுதான். வரி நீளமாக இருப்பதால் உடைகிறது. "ஐயா, அந்த 'பெரிய'வை மட்டும் எடுத்துரலாமுங்களா?" என்று கேட்டேன்.

சாவியை வைத்துவிட்டு வந்தேன்.

பாதி வழியில்தான், பெரியவர் போனில் எழுத்து பெரிது பெரிதாக இருந்தது நினைவுக்கு வந்தது. பார்வை மங்கியவர். அப்படியானால் வரியை உடைத்தது நானா, போனா, அவர் கண்ணா? திரும்பிப் போய்ச் சொல்லலாமா என்று கொஞ்சம் நின்றேன். கண்ணைப் பற்றிச் சொன்னால் அதற்கும் கோபம் வரும். சுண்ணாம்புக்கல் லாரி ஒன்று நின்றது. ஏறிக்கொண்டேன். அரியலூர் பஸ் ஸ்டாண்டில் படுத்தேன்.

மறுநாள் காலையில் பிளெக்ஸ் கடை ஒன்றில் ஆள் வேண்டும் என்றார்கள். அச்சடித்த பிளெக்ஸை மரச்சட்டத்தில் இழுத்து ஆணி அடிக்கிற வேலை. முதலில் கொடுத்தது ஒரு காதணி விழா.

"அண்ணே, இது யாரு பாத்தாலும் இப்படியேதான் தெரியுமா?"

கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஆணி அடிச்சா அப்புறம் எங்கடா போவும்?"

ஓரத்தை மடித்தேன். வலது பக்கத்தில் ஒரு பெயர் பாதி மடிப்புக்குள் போனது.

"டேய், அது தாய்மாமன்! வெளிய இழுத்து அடி."

இழுத்து அடித்தேன். இடது பக்கத்தில் சித்தப்பா உள்ளே போனார்.