கூலர் குழாயில் ஒன்றும் வளரவில்லை

"அக்கா, உன் வகுப்புல சேர்ந்தா புத்தகத்தையே தொட வேணாமாமே?" என்று தங்கை போனில் கேட்டாள். அவளுக்கு முடி வெட்டுகிறவள் சொன்னாளாம். முடி வெட்டுகிறவளுக்கு நாத்தனார் மகன் சொன்னானாம். "தண்ணிக் கூலர் குழாயில குச்சியத் தேய்ச்சு, 'ஒண்ணும் வளரல'ன்னு எழுதினா மார்க்காம். அதனால எல்லாரும் கூலரையே கேட்டு அடிச்சுக்கிறாங்களாம்!"

"உனக்கு வேற வேலையே இல்லையா?" என்று அக்கா வெடுக்கென்று போனை வைத்தாள்.

கல்லூரியில் அவளுக்குக் குச்சி மிஸ் என்று பெயர். கணக்கியலோ வரலாறோ ஓவியமோ, எது படித்தாலும் ஒரு பருவம் உயிரியல் படித்தாக வேண்டும் என்பது அங்கே விதி. அந்த அறிமுக வகுப்பை உயிரியல் துறையில் ஒருவரும் சீந்துவதில்லை. பூஞ்சைகளை ஆராய வந்து, ஆய்வேடு மூன்றாம் அத்தியாயத்தோடு நின்றுபோன குச்சி மிஸ் தலையில் அதைக் கட்டிப் பதினோரு வருடம் ஆகிறது. ஒப்பந்த வேலை. வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும்.

பஞ்சு சுற்றிய குச்சியை எங்காவது தேய்த்து, கிருமி வளர்க்கும் அகர்க் கூழ் ஊற்றிய வட்டத் தட்டில் இழுத்து, இரண்டு நாள் சூட்டில் வைத்துப் பார்ப்பதுதான் மாணவர்களுக்கு முதல் வேலை. கதவுப்பிடி, செல்போன், நாற்காலிக் கை என்று எல்லாவற்றிலும் மஞ்சளும் பச்சையுமாய் முளைக்கும். வருடக் கணக்கில் அதையே பார்த்துப் பார்த்து, தொட்டதெல்லாம் அவளுக்கு அருவருத்தது. லிஃப்ட் பொத்தானை முழங்கையால் அழுத்துவாள். பஸ்ஸில் கம்பியைக் கைக்குட்டை சுற்றித்தான் பிடிப்பாள். "என்னையும் ஒரு தட்டுல வளர்த்துப் பாத்துட்டுத்தான கட்டிக்கிட்ட?" என்று புருஷன் சீண்டுவான்.

உலகத்தில் அவள் நம்பிய ஒரே பொருள் இரண்டாம் மாடிக் கூலர். ஆறு வருடமாக அதில் மட்டும் ஒன்றும் வளரவில்லை. அவள் கையெழுத்தில் "மாணவர் சோதனையில் சுத்தமானது" என்ற அட்டை அதன் தலைக்கு மேல் தொங்கியது. தினமும் இரண்டு பாட்டில் அங்கேதான் பிடிப்பாள். வயிறு கலக்கும் நாட்களில் கேன்டீன்காரரைத் திட்டுவாள்.

தங்கை பேசிய மறுவாரம் ஒரு தட்டைத் திறந்ததும் வகுப்பே மூக்கைப் பொத்தியது. சளி போல் மினுமினுத்த மஞ்சள் படலம். நடுவே சாம்பல் ரோமம். அழுகின வாடை.

"குச்சியால அவ வாயைத் துடைச்சிருப்பா மிஸ்!" என்று பின்பெஞ்சு கத்தியது.

"உன் வாயில வெச்சிருந்தா தட்டே கரைஞ்சிருக்கும், போடா," என்றாள் தட்டுக்குச் சொந்தக்காரி. கணக்கியல் மாணவி. செய்முறை விளக்கத்துக்கு வராமல் மட்டம் போட்டவள். "கூலர் குழாய்தான் மிஸ்."

"ஸ்பிரிட் போட்டுத் துடைச்சியா?"

"துடைக்கணுமா? துடைச்சுட்டு அப்புறம் எதைத் தேடறது? வீட்டைப் பெருக்கிட்டுக் குப்பை இருக்கான்னு பாக்கற மாதிரி இல்ல?"

குச்சி மிஸ்ஸுக்கு முகத்தில் அறைந்தாற்போல் இருந்தது. செய்முறைத் தாளை எடுத்தாள். மூன்றாம் படி: குழாய் வாயை ஸ்பிரிட்டால் துடைக்கவும். ஆறு வருடத்துக்கு முன் அவளே சேர்த்தது. உயிரியல் மாணவர்கள் குழாய்க்குள்ளிருந்து வரும் தண்ணீரைச் சோதிப்பார்கள். வெளி அழுக்கு கலக்கக் கூடாதென்று முதலில் வாயைத் துடைப்பார்கள். இங்கே சோதிப்பதே அந்த வாயைத்தான். யோசிக்காமல் அங்கிருந்து இங்கே அப்படியே எழுதிவிட்டாள்.

நேரே கூலருக்குப் போனாள். குழாய்க்குள் விரலை விட்டாள். சாம்பல் நிறத்தில் கொழகொழவென்று நூலாய் இழுத்துக்கொண்டு வந்தது. காலையில் குடித்த தண்ணீர் தொண்டைக்கு ஏறியது. வாஷ்பேசினுக்கு ஓடினாள்.

குச்சி மிஸ் மேஜையில் கொண்டுபோய் வைத்த தட்டைத் துறைத் தலைவர் தொடவில்லை. பேனாவால் ஓரமாக நகர்த்தினார்.

"அந்தப் பொண்ணு முறைப்படி செய்யலன்னு எழுதித் தூக்கிப் போட்டுடுங்கம்மா. துடைச்சுட்டு மறுபடி எடுக்கட்டும். உங்க அட்டையை ஆறு வருஷமா கல்லூரி அறிக்கையில போட்டிருக்கோம்."

"முறைதான் சார் தப்பு. பிள்ளைங்க குடிக்கிறாங்க."

"செத்தா போயிட்டாங்க?" வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார். "உங்க ஒப்பந்தம் என் மேஜையிலதான் இருக்கு. மத்தியானம் கூப்பிடறேன். சரின்னு ஒரு வார்த்தை, போட்டுடுவேன் கையெழுத்து."

ஒப்பந்தத் தாளின் மேல் பறக்காமலிருக்க வைத்திருந்தது, அவர் வீட்டிலிருந்து கொண்டுவந்த தண்ணீர் பாட்டில். மூடியில் துளி தூசி இல்லை. குச்சி மிஸ் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

மத்தியானம் மணி அடித்ததும் கூலர் முன்னால் வழக்கமான வரிசை. கணக்கியல் மாணவி மட்டும் தள்ளி நின்று எல்லாருக்கும் மூக்கைப் பிடித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். ஒருத்தரும் நம்பவில்லை, அட்டைதான் தொங்குகிறதே. குச்சி மிஸ் கூட்டத்தை விலக்கிப் பிளக்கைப் பிடுங்கினாள். அட்டையைக் கழற்றித் திருப்பி, சுவரில் வைத்து எழுதினாள்: "குடிக்காதீர்கள். ஆறு வருடமாகத் தப்பாகச் சொல்லிக்கொடுத்தது நான்."

மாட்டப் போகையில் தோள்பையில் போன் அலறியது. மாணவி எட்டிப் பார்த்தாள்.

"மிஸ், துறைத் தலைவர்."

"கை அழுக்கா இருக்கும்மா," என்றாள் குச்சி மிஸ், ஆணியைத் தேடிக்கொண்டே.

போன் அடித்துக்கொண்டேயிருந்தது.