ஏணியின் முட்டி

நாளைக்கு ஏணியின் பெயரை மைதானத்துக்கு வைக்கப் போகிறார்கள். மைதானம் முழுவதற்கும் இல்லை, ஒரு முனைக்கு மட்டும். நாட்டுக்காக வேகப்பந்து வீசிய காலமெல்லாம் எந்தப் பக்கத்திலிருந்து ஓடி வந்தாரோ, அந்தப் பக்கம் இனிமேல் ‘ஏணி முனை’. காலையிலிருந்து ஆள் மாற்றி ஆள் போன் செய்து வாழ்த்திக்கொண்டே இருக்கிறார்கள். மனிதரோ குளியலறைக் கண்ணாடி முன்னால், தாடையில் சோப்பு நுரை காய்ந்துபோனது தெரியாமல் நிற்கிறார். வெட்கம், வேறென்ன? செய்த காரியம் அப்படி.

பஸ் டிரைவரின் மகன். கூரைமேல் விழுந்த பந்தை எடுக்க இவனை விட்டால் ஆளில்லை என்று பள்ளிக்கூடத்தில் வைத்த பெயர்தான் ஏணி. பிற்பாடு வர்ணனையாளர்கள் வாயிலும் அதுவே நிலைத்தது. அவரோடு அதே வருடம் அணிக்கு வந்தவர் வெல்டர். கேட், ஜன்னல் கம்பி செய்கிற பட்டறையில் வேலை பார்த்தவர். முன்கை முழுக்கத் தீப்பொறி பட்ட தழும்பு. ஏணி ஒட்டகம் மாதிரி உயரம், வெல்டர் குட்டை, ஆனால் தோள் இரண்டும் மரக்கட்டை. வெளியூர்ப் பயணத்தில் இருவருக்கும் ஒரே அறை. ஏணியின் குறட்டைக்குப் பயந்து காதில் பஞ்சு வைத்துக்கொண்டு தூங்கிய ஒரே பிறவி வெல்டர்தான்.

இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். கிரிக்கெட்டில் பந்தை இரண்டு முனையிலிருந்தும் மாற்றி மாற்றிப் போட வேண்டும். காற்று அடிக்கிற மைதானம் என்றால், ஒருவனுக்குக் காற்று முதுகில் கை வைத்துத் தள்ளும். இன்னொருவன் நெஞ்சைக் கொடுத்து அதை முட்டித் தள்ளிக்கொண்டு ஓட வேண்டும். முதல் ஆளுக்கு வேகம், விக்கெட், பத்திரிகையில் படம். இரண்டாவது ஆளுக்கு முதுகு வலி. எதிர்க்காற்றில் நாள் முழுக்கப் போடுகிற வேலையை எந்த பவுலரும் கேட்டு வாங்க மாட்டான். யாருக்குக் கொடுப்பது என்பது கேப்டனின் தலைவலி.

இவர்கள் சொந்த மைதானத்தில் காற்று எப்போதும் தண்ணீர்த் தொட்டிப் பக்கமிருந்துதான் வரும். முதல் சர்வதேச ஆட்டத்தில் எதிர்க்காற்று ஏணிக்கு வந்தது. வாங்கின அடி கொஞ்சநஞ்சம் இல்லை. அடுத்த ஆட்டமும் அங்கேதான். இதிலும் சொதப்பினால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான் என்று அவருக்கே தெரியும். அன்றைக்குப் பேய்க்காற்று. கேப்டன் பந்தைக் கையில் உருட்டிக்கொண்டே, எதிர்க்காற்றுப் பக்கம் யார் போடுகிறீர்கள் என்று கேட்டார். ஏணியின் கை இடது முட்டிக்குப் போனது. வலியா? மண்ணாங்கட்டி. பந்தை விடும்போது உடம்பின் பாரமெல்லாம் இறங்குவது அந்த முட்டியில்தான், அதனால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள் என்று அந்தக் கைக்கு எப்படித்தான் தெரிந்ததோ! லேசாகப் பிடித்திருக்கிறது என்று வாய் கூசாமல் சொன்னார்.

“விடுடா, அந்தப் பக்கம் நான் பாத்துக்கறேன்” என்று வெல்டர் தொப்பியைக் கழற்றி அம்பயர் கையில் கொடுத்துவிட்டுப் பந்து போடப் போய்விட்டார்.

அன்றைக்கு ஏணிக்கு ஐந்து விக்கெட். வெல்டருக்கு ஒன்றுமில்லை. ஆனால் அவர் பந்தில் ரன் எடுக்க முடியாமல் தவித்த பேட்ஸ்மேன்கள்தான் அவசரப்பட்டு ஏணியிடம் வந்து விழுந்தார்கள். ஆட்டம் தெரிந்தவர்களுக்கு அது தெரியும். ஏணிக்கும் தெரியும்.

ஒரு நாளோடு விட்டிருக்கலாம். எங்கே விடுவது? குணமான முட்டிக்கு அடுத்த ஆட்டத்தில் எதிர்க்காற்று காத்துக்கொண்டிருக்கிறதே. எனவே முட்டி குணமாகவில்லை. எந்த நாட்டுக்குப் போனாலும் காற்றுக்கு முதுகு ஏணி, நெஞ்சு வெல்டர் என்று சட்டம் போட்ட மாதிரி ஆகிவிட்டது. டாக்டர் ஸ்கேன் எடுத்தார். வேகப்பந்து வீசுகிறவன் முட்டியில் ஏதாவது தேய்மானம் இல்லாமலா இருக்கும்? வலி எவ்வளவு என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்றார். ஏணியும் தாராளமாகச் சொன்னார். வலியைப் பொறுத்துக்கொண்டு வீசும் வீரன் என்று பத்திரிகைகள் கொண்டாடின. இதையெல்லாம் தூக்கி அடிக்கிற மாதிரி, முட்டிவலித் தைலம் ஒன்றுக்கு விளம்பரத்தில் வேறு நடித்தார். படப்பிடிப்பில் தைலத்தை வலது முட்டியில் தேய்த்து, டைரக்டர் திருத்தி, மறுபடி எடுத்தார்கள். அந்த விளம்பரம் வந்தாலே அவர் மனைவி டிவியை அணைத்துவிடுவார்.

மனைவியை ஏமாற்ற முடியுமா? பிரசவத்துக்குச் சேர்த்த அன்று லிப்ட் வேலை செய்யவில்லை. மனிதர் இரண்டிரண்டு படியாகத் தாவி மாடிக்கு வந்து நின்றார். மனைவி அவர் முகத்தையும் முட்டியையும் மாறி மாறிப் பார்த்தார், அவ்வளவுதான்.

இதில் கொடுமை என்னவென்றால், ஒவ்வொரு நாள் ஆட்டம் முடிந்ததும் முட்டிக்கு ஐஸ் கட்டி வைத்துக் கட்டுப்போடுவது வெல்டர். பிசியோ கட்டினால் இறுக்கம் போதவில்லையாம். தன் முதுகைச் சுவரில் ஒருமுறை தேய்த்துவிட்டு, குனிந்து உட்கார்ந்து கட்டுவார். ஏணி கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பார். பாவி மனுஷன்! சொல்லிவிடலாம் என்று அந்த நேரத்தில் வாய்வரைக்கும் வரும். பிறகு அடுத்த ஆட்டத்தின் காற்று ஞாபகம் வரும், மென்று விழுங்கிவிடுவார்.

கடைசியில் ஒரு வெளிநாட்டு மைதானத்தில், நாள் முழுக்கக் காற்றோடு மல்லுக்கட்டியபின், பந்து கையை விட்டுப் போகிற நேரத்தில் வெல்டர் அப்படியே குப்புற விழுந்தார். முதுகெலும்பில் முறிவு. ஆபரேஷன் முடிந்து கண் விழித்தவர் முதலில் கேட்டது, “உன் முட்டி எப்படிடா இருக்கு?” என்றுதான். ஏணி வராந்தாவுக்கு ஓடி வந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். நண்பனுக்காக அழுகிறார் என்று நர்ஸ் தண்ணீர் கொடுத்தார்.

வெல்டர் அதற்குப் பிறகு ஆடவில்லை. பட்டறைக்குத் திரும்பினார், ஆனால் குனிந்து பற்றவைக்க முடியவில்லை. மச்சான் வேலை செய்ய, இவர் வாசலில் நின்று வருகிறவர்களுக்கு விலை சொல்கிறார். ஏணி இன்னும் பல வருடம் ஆடிவிட்டு, மாலையும் கையுமாக ஓய்வு பெற்றார்.

அந்த ஆள் பெயரைத்தான் தண்ணீர்த் தொட்டிப் பக்கத்துக்கு வைக்கப் போகிறார்கள். வெல்டரும் மேடைக்கு வருகிறார். குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று மனைவி சொன்னார்: “இன்னிக்குப் போய் அவர்கிட்ட உண்மையைச் சொல்லுங்க. சொல்லாம அந்த மேடையில ஏறினீங்கன்னா, நான் வரமாட்டேன். இனிமே உங்க மூஞ்சியைப் பாத்து எனக்குப் பேச்சும் வராது.”

அவர் சொன்னால் சொன்னதுதான். ஏணி முகத்தைக் கழுவிக்கொண்டு கிளம்பினார்.

வெல்டர் வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. வீட்டுக்காரி வேலைக்குப் போயிருந்தார். வெல்டர் கூடத்தில் தரையில் மல்லாந்து, கால்களை ஒரு தலையணைமேல் தூக்கி வைத்துப் படுத்திருந்தார். அப்படிப் படுத்தால்தான் முதுகு கொஞ்சம் கேட்கிறதாம். பக்கத்தில் நாளைக்குக் கட்டிக்கொள்ள வேண்டிய இடுப்புப் பட்டை, தேய்த்து மடித்த சட்டை. வாடா கதாநாயகா என்று வரவேற்று, புதுச் செருப்பு வாங்கினதைக்கூடக் காட்டினார்.

ஏணி நின்றுகொண்டே சொன்னார். உட்கார்ந்தால் சொல்லவே மாட்டோம் என்ற பயம். “என் முட்டிக்கு ஒண்ணும் இல்லடா. அன்னிக்கும் இல்ல, எந்த நாளும் இல்ல. எதிர்க்காத்துக்குப் பயந்து பொய் சொன்னேன். உன் முதுகை உடைச்சது நான்தான்.”

வெல்டர் அவரையே பார்த்தார். பிறகு தொப்பை குலுங்கச் சிரித்தார்.

“யார்கிட்டடா கதை விடுற? கட்டுப் போட்ட கை இது. வீக்கம் எனக்குத் தெரியாதா?” என்றார். வீக்கம் ஏது? இறுக்கிக் கட்டினால் எந்த முட்டியும்தான் வீங்கும். ஏணி அதைச் சொல்ல வாயெடுத்தார். வெல்டர் விடவில்லை. பெயர் உனக்கு மட்டும் கிடைக்கிறதே என்று மனசு கேட்காமல், பழியைத் தூக்கித் தலையில் போட்டுக்கொள்கிறாய், உன்னைப் பற்றி எனக்குத் தெரியாதா என்று அவரே நியாயம் சொல்லி முடித்தார். அப்புறம் கூரையைப் பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

“எதுக்கு இப்படி உடம்பைக் கெடுத்துக்கிட்டேன்னு வீட்ல கேக்காத நாள் இல்ல. என் கூட்டாளி முட்டி போய்டக் கூடாதுன்னு போட்டேன்னு சொல்லுவேன். அது ஒண்ணுதான்டா எனக்கு மிச்சம். அதையும் விளையாட்டுக்குக்கூட இல்லன்னு சொல்லாத.”

ஏணி தன் முட்டியைக் குனிந்து பார்த்தார். நிரூபிக்க எவ்வளவு நேரம் ஆகும்? அந்த இடத்திலேயே ஒரு முறை குந்தி உட்கார்ந்து எழுந்தால் போதும், அறுபதை நெருங்கியும் அவர் முட்டி அப்படி இருக்கிறது. செய்தால் இந்த மனிதனுக்கு என்ன மிச்சம்? செய்யாவிட்டால் தனக்கு என்ன மிச்சம்? மனைவி கேட்டால் சொல்லிவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம், பொய்யில்லை. இதை இரக்கம் என்றுகூடப் பெயர் வைத்துக்கொள்ளலாம். ஆனால் உள்ளே ‘அப்பாடா’ என்று ஒரு குரல் கேட்டதே, அது இரக்கத்தின் குரல் இல்லை. அது அவருக்கு நன்றாகவே தெரிந்தது.

“ஏன்டா நின்னுக்கிட்டே இருக்க? முட்டி நோகப் போகுது” என்றார் வெல்டர்.

வேண்டாம் என்று ஏணி சொல்வதற்குள் அவர் ஒருக்களித்துப் புரண்டு, சுவரைப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்துவிட்டார். நிமிர முடியவில்லை. குனிந்தவாறே சமையலறைக்குப் போய், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தரையில் இழுத்துக்கொண்டு வந்து போட்டார். நெற்றியில் வியர்வை பூத்திருந்தது. நாற்காலியின் முதுகைத் தட்டி, உட்காரு என்றார்.

ஏணி இடது காலை மெதுவாக நீட்டி வைத்துக்கொண்டு, அதில் உட்கார்ந்தார்.